வண்டி ஏன் நிற்கிறது? அறிகுறியை வைத்துப் பாதைப் பழுதைக் கண்டுகொள்ள நெல்லைப் பயணிகளுக்கு ஒரு வழிமுறை

நடுவழியில் வண்டி நின்றதும் பெட்டிக்குள் முதலில் கிளம்பும் கேள்வி, “ஏன் நிக்கி?” என்பது. அடுத்தது, “எப்பம் எடுப்பான்?”. இரண்டாவது கேள்விக்கான விடை முதலாவதில்தான் இருக்கிறது. கிராசிங்குக்காக நிற்கும் வண்டி, எதிர்வண்டி கடந்ததும் எடுத்துவிடும். லைன் மாற்றிவிடும் பாயின்ட் கெட்டு நிற்கும் வண்டிக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். ஜல்லி அரித்துப்போன பாதை என்றால் கணக்கு நாளில் போகும். எந்தப் பழுது என்று தெரிந்தால்தான் உட்கார்ந்திருப்பதா, அடுத்த ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடிப்பதா, வீட்டுக்கு என்ன சொல்வது என்று முடிவெடுக்க முடியும்.

வண்டி நிற்கும் இடம், நிற்கும் விதம், மறுபடி புறப்படும் வேகம். இந்த மூன்றையும் கவனித்தால் பழுது எந்த வகை என்பதைப் பெட்டிக்குள் இருந்தபடியே பெரும்பாலும் சொல்லிவிடலாம். சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில், நம் நெல்லை வட்டாரப் பாதைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது

பாதையோரக் கருவிகள் எல்லாம் ஒரே விதிப்படி அமைக்கப்பட்டவை: கெட்டால் சிவப்பு. வயர் அறுந்தாலும், பாட்டரி இறங்கினாலும், ரிலே எனும் மின் சுவிட்ச் எடுக்காமல் போனாலும் சிக்னல் சிவப்புக்குத்தான் போகும். ஆகவே “சிக்னல் கோளாறு” என்று கேள்விப்பட்டால் ஆபத்து வந்துவிட்டதாக நினைத்துப் பதற வேண்டாம். பாதை காலியாக இருக்கிறதா, பாயின்ட் ஒழுங்காகச் சேர்ந்திருக்கிறதா என்று கருவியால் உறுதி சொல்ல முடியவில்லை. அந்த உறுதியை இனி ஆட்கள் நடந்துபோய்க் கண்ணால் பார்த்துக் கொடுக்க வேண்டும். தாமதத்தில் பெரும்பகுதி அந்த நடைக்கும் சரிபார்ப்புக்கும்தான் போகிறது.

அடுத்து, நீங்கள் போகும் பாதை ஒற்றையா இரட்டையா என்று பாருங்கள். மணியாச்சி, நெல்லை, வள்ளியூர், நாகர்கோவில் வழி இப்போது இரட்டைப் பாதை. மணியாச்சி–நாகர்கோவில் இரட்டைப் பாதைப் பணிகள் 2024 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. செங்கோட்டைப் பாதையும் திருச்செந்தூர்ப் பாதையும் ஒற்றைதான். ஒற்றைப் பாதையில் ஸ்டேஷன் லூப்பில் ஒதுங்கி நின்றால் முதல் ஊகம் கிராசிங். சேரன்மகாதேவியிலோ கீழக்கடையத்திலோ நாசரேத்திலோ பக்கத்து லைன் காலியாக இருந்து, வண்டியும் நிற்கிறது என்றால் எதிர்வண்டிக்காகப் பத்து, இருபது நிமிடம் பொறுத்துப் பாருங்கள். இரட்டைப் பாதையில் அந்தக் காரணம் கிடையாது. வேகமான வண்டி ஒன்றை முந்த விடுவதற்காக நிறுத்தியிருக்கலாம். அதுவும் ஸ்டேஷனில்தான் நடக்கும். இரட்டைப் பாதையின் நடுவழியில் வண்டி நெடுநேரம் நின்றால் கருவிப் பழுதைச் சந்தேகிக்கலாம்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒற்றைப் பாதைக் காலத்தில் வண்டி நின்றால் இறங்கி, ஜல்லியில் நின்று காற்று வாங்குவது நம் பக்கம் பலருக்குப் பழக்கம். இன்று நாங்குநேரிப் பக்கமோ கங்கைகொண்டான் பக்கமோ அதைச் செய்யாதீர்கள். உங்கள் வண்டிக்குத்தான் சிவப்பு. பக்கத்துத் தண்டவாளத்துக்குப் பச்சை விழுந்திருக்கும். மின்சார எஞ்சின் இழுத்து வரும் வண்டி டீசல் வண்டிபோல் தூரத்திலேயே சத்தம் கொடுக்காது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் கதவுப் பக்கம் ஓர் ஆளை நிறுத்திக்கொள்ளுங்கள்.

அறிகுறி: அவுட்டரில் (ஸ்டேஷனுக்கு வெளியே உள்ள சிக்னலில்) நின்றது, பிறகு நடைவேகத்தில் உள்ளே போகிறது

நெல்லை ஜங்ஷனுக்கு வருகிறவர்கள் அதிகம் சந்திப்பது இது. நான்கு பாதைகள் கூடும் ஸ்டேஷன் அது. பிளாட்பாரம் காலியாகாமல் நிறுத்துவதும் உண்டு, பழுதால் நிறுத்துவதும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிது. பிளாட்பாரத்துக்காக நின்ற வண்டி, சிக்னல் மஞ்சளானதும் வழக்கமான வேகத்தில் உள்ளே போகும். பழுதென்றால் டிரைவர் நீளமாக ஹார்ன் அடிப்பார். நெடுநேரம் கழித்து, சிவப்பு சிவப்பாகவே இருக்க, வண்டி 15 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் ஊர்ந்து நுழையும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பாதை பிரியும் இடத்தில் ஓர் ஊழியர் பச்சைக் கொடியோ, இரவென்றால் பச்சை விளக்கோ பிடித்து நிற்பார். அப்படியானால் பாயின்ட் பழுது, அல்லது பாயின்டை ஒட்டிய டிராக் சர்க்யூட் (பாதையில் வண்டி இருப்பதைத் தண்டவாளத்து மின்சாரத்தால் அறியும் அமைப்பு) பழுது.

பாயின்ட் என்பது வண்டியை ஒரு லைனிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் இடம். கூர்மையான நாக்குத் தண்டவாளம் ஒன்று நகர்ந்து, நிலையான தண்டவாளத்தோடு போய் ஒட்ட வேண்டும். பக்கத்தில் இருக்கும் பெட்டியில் உள்ள மோட்டார் அதைத் தள்ளி, பூட்டி, பூட்டியதை ஸ்டேஷனுக்குத் தெரிவிக்கும். நாக்கின் நுனிப் பக்கத்தில் 5 மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டைச் செருகிச் சோதிப்பது எங்கள் வழக்கம். தகடு நடுவில் இருக்கும்போது பாயின்ட் பூட்டிக்கொள்ளவே கூடாது. பூட்டிக்கொண்டால் அந்தப் பாயின்ட் ஓட்டத்துக்குத் தகுதியில்லை. அவ்வளவு சிறிய இடைவெளிகூட ஆபத்து என்பதால்தான் ஒரு கல் இடையில் சிக்கினாலும் சிக்னல் பச்சையாக மறுக்கிறது.

சிக்குவது பெரும்பாலும் ஜல்லிக் கல்தான். வேகமாகப் போன வண்டியின் அதிர்வில் துள்ளி வந்து நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் உட்கார்ந்துவிடும். ஆனி, ஆடிக் காற்றில் மணலும் தூசியும் வந்து விழுந்து, நாக்கு வழுக்கிப் போக வேண்டிய தகடுகளில் பூசிய கிரீஸோடு சேர்ந்து பசையாக இறுகிவிடும். அப்போது மோட்டார் திணறும். இவை தவிர மோட்டாரின் பிரஷ் தேய்ந்திருக்கலாம், மழைத்தண்ணீர் பெட்டிக்குள் இறங்கியிருக்கலாம், எங்காவது ஜே.சி.பி. தோண்டியதில் கேபிள் அறுந்திருக்கலாம்.

உள்ளே நடப்பது இதுதான். ஸ்டேஷன் மாஸ்டர் பேனலிலிருந்து பாயின்டை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓரிரு தடவை இயக்கிப் பார்ப்பார். சின்னக் கல்லாக இருந்தால் அந்த அசைவிலேயே விழுந்துவிடும். பயணிகளுக்குப் பழுது நடந்ததே தெரியாது. விழவில்லை என்றால் பாயின்ட்ஸ்மேன் நடந்து போய்ப் பார்த்து எடுப்பார். யார்டு நீளமானது, இரவில் டார்ச் வெளிச்சத்தில் போக வேண்டும். அதற்கே கால் மணி நேரம் ஆகும். மோட்டாரே வேலை செய்யவில்லை என்றால் கிராங்க் கைப்பிடி வெளியே வரும். அந்தக் கைப்பிடி ஸ்டேஷன் மாஸ்டர் பொறுப்பில் பூட்டில் இருப்பது. அதை எடுத்துவிட்டால் அந்தப் பாயின்டைத் தொடும் சிக்னல் எதையும் பச்சையாக்க முடியாது. கையால் சுற்றி நாக்கை நகர்த்தி, கிளாம்ப் போட்டு, பூட்டு போட்டு, போட்டாயிற்று என்று எழுத்தில் உறுதி கொடுத்த பிறகுதான் டிரைவருக்குச் சிவப்பைத் தாண்டிப்போக அனுமதித் தாள் கிடைக்கும்.

சிக்னல் கருவிகளைப் பழுதுபார்க்கும் மெயின்டெய்னர் வந்து சரிசெய்யும்வரை பின்னால் வரும் ஒவ்வொரு வண்டிக்கும் இதே வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும். அதனால்தான் ஒரு பாயின்ட் கெட்டால் காலை வண்டிகள் மொத்தமும் வரிசையாகத் தாமதமாகின்றன. உங்கள் வண்டி ஊர்ந்து நகரத் தொடங்கிவிட்டதா? உங்கள் காத்திருப்பு முடிந்தது. பத்து நிமிடத்தில் பிளாட்பாரம். உங்களுக்குப் பின்னால் வரும் வண்டியில் உறவினர் யாரும் இருந்தால் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள், தாமதம் அவர்களுக்குத்தான் அதிகமாக இருக்கும்.

அறிகுறி: ஓடிக்கொண்டிருந்த வண்டி சட்டென்று பிரேக் பிடித்தது, சிறிது நேரத்தில் தானாக எடுத்தது

முன்னால் பச்சையாக இருந்த சிக்னல் கண்ணெதிரே சிவப்பாகியிருக்கும். இது டிராக் சர்க்யூட்டின் குணம். தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுகளுக்கு நடுவே மின்சாரம் கடக்காத ஜாயின்ட் வைத்து, ஒவ்வொரு துண்டிலும் சில வோல்ட் அளவுக்குச் சின்ன மின்சாரம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடவிட்டிருப்பார்கள். மறுமுனையில் உள்ள ரிலே அந்த மின்சாரத்தில் தூக்கி நிற்கும். வண்டிச் சக்கரம் ஏறியதும் இரண்டு தண்டவாளமும் அச்சு வழியாக ஒட்டிக்கொள்ளும்; ரிலே விழும்; “இங்கே வண்டி இருக்கிறது” என்று அர்த்தம். வண்டி இல்லாமலே ரிலே விழுந்தால்தான் பழுது.

இதில் ஒரு நன்மை உண்டு. தண்டவாளம் முறிந்தாலும் மின்சாரம் அறுந்து ரிலே விழும். கண்ணுக்குத் தெரியாத முறிவைச் சில சமயம் முதலில் சொல்வது இந்தச் சின்ன மின்சாரம்தான். ஆகவே காரணம் தெரியாமல் விழுந்த டிராக் சர்க்யூட்டை “சும்மா விழுந்திருக்கும்” என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள். நடந்து பார்க்காமல் வண்டி போகாது.

இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காகக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன். முதலில் மின்சாரம் கொடுக்கும் முனையில் அளந்து பாருங்கள். வோல்ட் குறைந்து, மின்னோட்டம் வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் எங்கோ ஷார்ட்: ஜாயின்ட் உடைந்திருக்கும், இரும்புத் துண்டோ கம்பியோ தண்டவாளங்களுக்குக் குறுக்கே கிடக்கும். மின்னோட்டம் குறைந்திருந்தால் எங்கோ அறுந்திருக்கிறது: பாண்ட் கம்பி, கேபிள், அல்லது தண்டவாளமே. கொடுக்கும் முனை சரியாக இருந்து, ரிலே முனையில் மட்டும் மழை நேரத்தில் வோல்ட் இறங்கினால் ஜல்லி வழியாகக் கசிவு. ரிலே முனையிலும் வோல்ட் சரியாக வந்து, ரிலே மட்டும் எடுக்கவில்லை என்றால் பழுது அறைக்குள். விழுந்து விழுந்து எழும் ரிலே மிகவும் சிரமம் கொடுப்பது. நீங்கள் போகும்போது நன்றாக இருக்கும். எந்த நேரத்தில், எந்த வண்டி போன பின், வெயிலிலா ஈரத்திலா விழுகிறது என்று ஸ்டேஷன் பதிவேட்டைப் பாருங்கள். ஒரு வாரப் பதிவைச் சேர்த்துப் படித்தால் பாதி காரணம் அதிலேயே தெரிந்துவிடும்.

பயணிகளுக்கு இந்த அறிகுறியில் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. மேல் பெர்த்தில் வைத்த பெட்டி சரிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அறிகுறி: ஸ்டேஷனில் வேலை முடிந்தது, எதிரே வண்டியும் இல்லை, ஆனாலும் புறப்படவில்லை, யாரோ எஞ்சினுக்குத் தாள் கொண்டு போகிறார்கள்

இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே உள்ள பாதை காலியாக இருக்கிறதா என்பதை அச்சு எண்ணும் கருவி பார்த்துக்கொள்கிறது. 24 பெட்டி என்றால் 96 அச்சு, ஆறு அச்சு எஞ்சினையும் சேர்த்து 102. இந்த முனையில் 102 உள்ளே போய், அந்த முனையில் 102 வெளியே வந்தால் பாதை காலி. 101 என்று எண்ணிவிட்டால், மீதி ஓர் அச்சு நடுவில் நிற்பதாகவே கருவி கணக்கு வைத்துக்கொள்ளும். அடுத்த வண்டிக்குப் பச்சை விழாது. மின்னல், தண்டவாளத்தில் பொருத்திய எண்ணும் தலை ஆடிப்போவது, வேலையாட்களின் இரும்புக் கருவி அதன்மேல் படுவது, இப்படிப் பல காரணங்கள்.

ரீசெட் பொத்தானை அழுத்தினால் போதாதா என்று கேட்கலாம். நிஜமாகவே ஒரு பெட்டி கழன்று நடுவழியில் நின்றிருந்தால்? அதனால் கடைசியாகப் போன வண்டி முழுசாக அடுத்த ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்ததா என்று முதலில் உறுதி செய்வார்கள். கடைசிப் பெட்டியின் பின்னால் எல்.வி. (கடைசிப் பெட்டி) என்று எழுதிய பலகையும் இரவில் சிவப்பு விளக்கும் இருப்பது இதற்காகத்தான். இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களும் போனில் பேசி, உறுதிக்கான பிரைவேட் நம்பர் பரிமாறி, பதிவேட்டில் எழுதி, போக அனுமதிக்கும் லைன் கிளியர் தாள் தயாராகி எஞ்சினுக்குப் போகும். தாள் போவதைப் பார்த்துவிட்டால் வண்டி எடுக்கப் போகிறது என்று அர்த்தம். கடையில் டீ வாங்க இறங்கியவர்கள் உடனே ஏறிவிடுங்கள். இந்த மாதிரி நேரத்தில் வண்டி எடுப்பதற்கு முன் அறிவிப்பு வரும் என்று நம்பி பிளாட்பாரத்தில் நிற்காதீர்கள்.

அறிகுறி: மழை, வயல் எல்லாம் வெள்ளம், வண்டியை ஸ்டேஷனிலேயே பிடித்து வைத்துவிட்டார்கள்

மழையில் பழுது இரண்டு விதம். ஒன்று லேசானது: ஜல்லி நனைந்து, தண்டவாளத்து மின்சாரம் மண்ணுக்குக் கசிந்து, சிக்னல் சிவப்பாகும். மழை விட்டதும் பெரும்பாலும் தானாகச் சரியாகும். இன்னொன்றுதான் அச்சம் தருவது: தண்டவாளத்தைத் தாங்கும் ஜல்லியும் மண்மேடும் அரித்துப்போவது. மேலே இருந்து பார்த்தால் இரண்டு தண்டவாளமும் ஒழுங்காகத்தான் தெரியும். அடியில் ஒன்றும் இருக்காது. தண்டவாளம் முறியாமல் தொங்குவதால் டிராக் சர்க்யூட்டும் எடுத்தே நிற்கும், சிக்னலும் பச்சை காட்டலாம். கருவிகள் கண்டுபிடிக்க முடியாத பழுது இது. ஆள் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரையெங்கும் பெய்த மழையை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். 17-ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அங்கிருந்து செய்துங்கநல்லூர் வரை பல இடங்களில் ஜல்லி அடித்துக்கொண்டு போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. சுமார் 800 பேர் வண்டியில். அவர்களில் ஏறத்தாழ 300 பேரை அருகிலிருந்த பள்ளிக்கு மாற்றினார்கள். மற்றவர்கள் ஸ்டேஷனிலும் வண்டியிலுமாக இருந்தார்கள். சுற்றிலும் தண்ணீர். ஊர்க்காரர்கள் சோறாக்கிக் கொடுத்தார்கள், ஹெலிகாப்டரில் உணவு வந்தது, 19-ஆம் தேதி மீட்டு மணியாச்சிக்குக் கொண்டுவந்து அங்கிருந்து சிறப்பு ரயிலில் சென்னைக்கு அனுப்பினார்கள். அந்த வண்டியை மேலே விடாமல் ஸ்ரீவைகுண்டத்தில் பிடித்து வைத்த முடிவு எத்தனை உயிரைக் காத்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆகவே ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் வண்டியைப் பிடித்து வைத்தால் அவரிடம் போய்ச் சத்தம் போடாதீர்கள். அவர் பச்சையைவிட மேலான ஒரு தகவலை வைத்திருக்கிறார்.

இந்த அறிகுறியில் நீங்கள் செய்ய வேண்டியவை வேறு மாதிரி. வண்டி நின்ற முதல் மணி நேரத்திலேயே, கடை திறந்திருக்கும்போதே, தண்ணீரும் பிஸ்கட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். போன் சார்ஜைச் சேமியுங்கள். படம் எடுத்து அனுப்புவதை நிறுத்தி, ஓர் ஆளுக்கு மட்டும் இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள், அவர் மற்றவர்களுக்குச் சொல்லட்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை யாருக்கு எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று பெட்டிக்குள் கேட்டு வையுங்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் இருந்தால் அதை ரயில்வே உதவி எண் 139-இல் தெளிவாகச் சொல்லுங்கள்; உதவி எந்தப் பெட்டிக்கு முதலில் என்பது அப்படித்தான் தீர்மானமாகும். ரோட்டில் தண்ணீர் ஓடும்போது தண்டவாளத்தின் மேலேயே நடந்து அடுத்த ஊருக்குப் போய்விடலாம் என்று கிளம்பாதீர்கள். எந்த இடத்தில் அடியில் மண் இல்லை என்பது நடக்கிறவருக்கும் தெரியாது.

அறிகுறி: நிற்கவில்லை, ஆனால் ஒரே இடத்தில் தினமும் ஊர்கிறது

மஞ்சள் பலகையும், அதில் எழுதிய வேகமும், கொஞ்ச தூரத்தில் டி/பி, டி/ஜி என்று இரண்டு பலகைகளும் தெரியும். அது வேகக் கட்டுப்பாடு. பயணிகள் வண்டி டி/பி பலகையையும், சரக்கு வண்டி டி/ஜி பலகையையும் கடந்ததும் வேகம் எடுக்கலாம். வெல்டு விட்ட இடம், முறிந்து கிளாம்ப் போட்ட தண்டவாளம், புதிதாக ஜல்லி கொட்டிய இடம், பாலத்து வேலை எனக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். சில நிமிடத் தாமதம்தான்.

கத்திரி வெயில் மத்தியானங்களில் வேறொன்று. ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் கட்டின்றிக் கிடந்தால் 30 டிகிரி சூட்டுக்கு ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் நீளும். வெல்டு செய்த நீளத் தண்டவாளத்தை ஸ்லீப்பரும் ஜல்லியும் அப்படி நீளவிடாமல் பிடித்து வைத்திருக்கின்றன. ஜல்லி குறைந்த இடத்தில் பிடி தளர்ந்தால் பக்கவாட்டில் வளைந்துவிடும். மார்கழி, தை விடியலில் இதற்கு நேர்மாறு: குளிரில் சுருங்க முயன்று, பலவீனமான வெல்டில் முறியும். வெயிலிலும் குளிரிலும் ஒவ்வொரு நாளும் பாதையை நடந்து பார்க்கும் கீமேன்கள்தான் இவற்றைக் கண்டுபிடிக்கிறவர்கள். சாவியும் சுத்தியலுமாகத் தனியே நடந்து போகும் அந்த மனிதரை ஜன்னலில் பார்த்தால் உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

அறிகுறி: விளக்கு, ஏசி, வேகம் எல்லாம் ஒன்றாகப் போனது

சில விநாடி மட்டும் போய் வந்தால் பழுதில்லை; மேல்கம்பியில் மின்சாரம் இல்லாத சிறு துண்டைக் கடந்திருக்கிறீர்கள். திரும்ப வராமல் வண்டியும் மெல்ல வேகம் தணிந்து நின்றுவிட்டால் 25,000 வோல்ட் மேல்கம்பியில் கோளாறு. மரக்கிளை விழுந்திருக்கலாம், மயில் பட்டிருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம். கம்பி அறுந்திருந்தால் மேல்கம்பியைப் பழுதுபார்க்கும் டவர் வேகன் வர வேண்டும், டீசல் எஞ்சின் வந்து இழுக்க வேண்டும், மணிக்கணக்கு ஆகும். இந்த ஓர் அறிகுறியில் மட்டும் கதவுக்குக்கூடப் போகாதீர்கள். தொங்கும் கம்பி செத்த கம்பி என்று யாரும் சொல்லும்வரை அதில் மின்சாரம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஊர் நடுவில் கேட்டுக்கு முன்னால் நிற்கிறது

கேட் மூடவில்லை, அல்லது வாகனம் இடித்து கேட் வளைந்திருக்கிறது. கேட்டுக்கான சிக்னல் கம்பத்தில் ஜி எழுத்துப் பலகை இருக்கும். பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு டிரைவர் மெல்லக் கேட் வரை வந்து, கேட்மேன் கைகாட்டியதும் கடந்துவிடுவார். ஐந்து, பத்து நிமிட விஷயம். குலவணிகர்புரம் மாதிரி நெரிசலான கேட்டில் வண்டி மறித்துக்கொண்டு நிற்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: மூடும் கேட்டுக்குள் கடைசி ஆளாக நுழையும் ஒரு பைக், ஒரு ரயிலையே நிறுத்தி வைக்கிறது.

இறங்குவதா, இருப்பதா?

இறங்குவதென்றால் பிளாட்பாரத்தில்தான். தாழையூத்து, கங்கைகொண்டானில் நெடுஞ்சாலை பக்கம். மேலப்பாளையத்திலிருந்து டவுன் பஸ் உண்டு. வள்ளியூர், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி எல்லாம் பஸ் ஓடும் ஊர்கள். செய்துங்கநல்லூர் திருச்செந்தூர் சாலையிலேயே இருக்கிறது. மணியாச்சியில் மட்டும் அவசரப்பட்டு இறங்காதீர்கள். 1911-இல் வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டதால் பெயர் பெற்ற ஜங்ஷன்தான், ஆனால் நெடுஞ்சாலைகளிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊர். இரவில் இறங்கினால் அடுத்த வாகனம் கிடைப்பது பாடு. பாயின்ட், அச்சு எண்ணி, கேட் பழுதென்றால் வண்டியிலேயே இருப்பது நல்லது. மேல்கம்பி, வெள்ளம் என்றால் முதல் பிளாட்பாரத்திலேயே மாற்று வழி பாருங்கள்.

டிக்கெட் பணத்தைப் பலர் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் ஏறும் ஸ்டேஷனுக்கு வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம், நீங்களும் போக விரும்பவில்லை என்றால் முழுப் பணமும் உண்டு, தட்கலுக்கும் உண்டு. ஆனால் அந்த வண்டி உங்கள் ஸ்டேஷனிலிருந்து நிஜமாகப் புறப்படுவதற்கு முன்னால் டி.டி.ஆர். (பணம் திரும்பக் கேட்கும் ஆன்லைன் விண்ணப்பம்) போட்டாக வேண்டும், கவுன்டர் டிக்கெட் என்றால் கவுன்டரில் ஒப்படைக்க வேண்டும். வண்டி போன பிறகு போட்டால் பலனில்லை. ரத்தான வண்டியின் ஆன்லைன் டிக்கெட்டுக்குப் பணம் தானாக வரும். அம்பையிலிருந்து வந்து நெல்லையில் சென்னை வண்டி பிடிக்கிறவர்கள் இரண்டு பி.என்.ஆரையும் முன்கூட்டியே இணைத்து வையுங்கள். முதல் வண்டி தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், விட்ட வண்டிக்கு ரத்துக் கட்டணம் பிடிக்காமல் பணம் திரும்பக் கிடைக்க அந்த இணைப்புதான் ஆதாரம்.

அறிகுறி: அடியில் பெரிய சத்தம், அல்லது வழக்கமில்லாத குலுக்கல்

கடைசியாக இது. மற்ற எல்லாவற்றிலும் நீங்கள் காத்திருக்கிறவர்; இதில் தகவல் கொடுக்க வேண்டியவர் நீங்கள். தினமும் போகும் பாதையில் ஓரிடத்தில் மட்டும் “டங்” என்று புதிதாக ஓர் அடி கேட்டால் தண்டவாளமோ வெல்டோ முறிந்திருக்கலாம். வரிசையாக மூன்று வெடிச்சத்தம் கேட்டு வண்டி நின்றால், முன்னால் பழுதைக் கண்ட ஊழியர் 1,200 மீட்டர் தள்ளி, பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் எச்சரிக்கை வெடி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். டிரைவருக்குத் தெரிந்துவிட்டது, நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். முதல் வகைச் சத்தம் என்றால் உடனே ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். மேல்கம்பியைத் தாங்கும் ஒவ்வொரு கம்பத்திலும் மேலே கிலோமீட்டர், கீழே கம்ப எண் எழுதியிருக்கும். அதைக் குறித்துக்கொண்டு டிக்கெட் பரிசோதகரிடமோ கார்டிடமோ சொல்லுங்கள். இருவரும் கண்ணில் படவில்லை என்றால் 139. வண்டி எண், எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவே, எந்தத் திசையில் போகும் லைன், கம்ப எண், சத்தம் கேட்ட நேரம். “வள்ளியூர்ப் பக்கம் எங்கேயோ” என்று சொன்னால் கீமேன் பல கிலோமீட்டர் தேடி நடக்க வேண்டும். கம்ப எண் சொன்னால் பின்னால் வரும் வண்டி அந்த இடத்துக்கு வருவதற்குள் அதை நிறுத்திவிடலாம்.